இரவல் மூக்கு

உச்சிப்புளி பங்கில் ஃபுல் டேங்க் போட்டால்
அடுத்த ரயில்வே கேட் வருவதற்குள்
நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும் பெட்ரோல்.
கண்ணாடியை இறக்கினால் கச்சான் காற்று
அதை வெளியே எடுத்துப்போகாமல்
பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்குத் தள்ளிவிடும்.
பதினாறு வருசத்து சான்ட்ரோ. கைமாறி வந்தது.

எனக்கு மண்டபத்தில் இறால் கம்பெனியில் வேலை.
பெட்டி பெட்டியாக மோந்து
இது போகலாம்,
இது ஐஸ் பத்தாமல் கெட்டது,
இது நேற்றையது என்று பிரிப்பது.
செவ்வாய்க்கிழமை மூன்று பெட்டிகளை
எண்ணெய் பட்டிருக்கு என்று ஒதுக்கினேன்.
பட்டிருந்தது என் சுடிதாரில்.
மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவது பெட்டியை மட்டும்
அருள்மதியிடம் நீட்டினார்.

வேதாளையில் ரோட்டோரம் கலந்தர் ஷெட்.
பின்னால் வலைவிரித்துக் கருவாடு காய்கிறது.
"பெட்ரோல் வாடை குடலைப் பிடுங்குது" என்றேன்.
"எனக்கு வராது" என்றார்.
கொரோனாவில் போனதாம் மூக்கு.
"வீட்ல சோறு தீஞ்சா
புகையப் பாத்துத்தான் எந்திரிப்பேன்.
நீங்க மோந்து சொல்லுங்க,
நான் பாத்துச் சொல்றேன்."

ஃபுல் போட்டால் மட்டுமா, அரை டேங்கிலுமா?
நிற்கும்போதா, வளைவிலா?
வண்டிக்கு அடியில் சொட்டு உண்டா?
பதில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது,
அரை டேங்குக்குக் கீழே
நான் நல்ல மூக்குக்காரிதான்.

பீடியோடு நின்ற ஐஸ் லாரிக்காரரை
ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.
என் போனை வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.
அடியில் படுத்துக் குழாயெல்லாம் தடவினார்.
உப்புக்காற்று தின்ற துரு, செதில் செதிலாக,
ஆனால் காய்ந்த துரு.
"மேலதான்" என்று வெளியே வந்தார்.

பின்சீட்டைத் தூக்கினார். கீழே ஒரு தகரமூடி,
நாலு ஸ்க்ரூ.
திறந்ததும் நான் குனிந்தேன்,
குனிந்த வேகத்தில் நிமிர்ந்தேன்.
"இங்க."
அவர் அசையாமல் குனிந்தே இருந்தார்,
பூ விற்கிறவளின் கூடையைப் பார்ப்பதுபோல.

பவுடர் டப்பா எடுத்தார், பிள்ளைகளுக்குப் போடுவது.
பம்பைச் சுற்றி வளையமாகத் தூவினார்.
பம்பரைப் பிடித்து வண்டியைக் குலுக்கச் சொன்னார்.
குலுக்கினேன். டேங்குக்குள் அலை அடித்தது.
வெள்ளை வளையத்தில் ஒரு பக்கம்
மூன்றாம்பிறை அளவுக்கு
மெல்ல இருண்டது.
வாடைக்கு ஓர் உருவம் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

ஃபியூஸைப் பிடுங்கி என்ஜினை ஓடவிட்டார்.
இருமி, இருமி, அடங்கியது.
பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கைவைத்தார்.
வெளியே வந்த ரப்பர் கேஸ்கெட்,
வெயிலில் மறந்துவிட்ட கணவாய் வளையம்.
நகத்தால் கீறினால் உதிர்ந்தது.

புதுசு ராமநாதபுரத்திலிருந்து
இரண்டரை மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் வரும்.
அதுவரை திறந்த வாயில்
ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு
ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
நூற்று நாற்பது ரூபாய்ச் சாமான்.
மூன்று பெட்டி இறாலின் விலையை
நான் கணக்குப் போடவில்லை.

மாட்டினார். எதிரெதிர் போல்ட்டாக,
கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.
மறுபடி பவுடர், மறுபடி குலுக்கல்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"இப்ப?"

அவருக்குப் பவுடர் போதாது போலிருந்தது.
சீட்டில் முகம் வைத்து இழுத்தேன்.
பழைய பஞ்சில் மிச்சம் கொஞ்சம்,
அது இரண்டு நாளில் போய்விடும்.
அதைத் தாண்டி, கதவு வழியாக,
"கருவாட்டு வாடைதான் வருது" என்றேன்.

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.
"என்ன கருவாடு?"

வலை பின்னால் இருந்தது. எட்டிப் பார்த்தால்
அவரே சொல்லிவிடலாம்.
பார்க்கவில்லை.

கண்ணை மூடி,
எக்ஸ்போர்ட் பெட்டிக்குக்கூட எடுக்காத மூச்சை
எடுத்தேன்.